ஓட்டத்தில் படுத்துவிட்ட லேப்ரடார்: தண்ணீர்க் கணக்கு எங்கே பிசகியது?

சென்னையில் ஏப்ரல், மே வந்தால் கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு வரி உண்டு: "காலையில் கூட ஓடிவந்துகொண்டே இருந்தது டாக்டர், திடீரென்று படுத்துவிட்டது." கீழே எழுதியிருப்பது அப்படிப்பட்ட நிகழ்வுகளைக் கோத்து எடுத்த ஒரு மாதிரி. குறிப்பிட்ட ஒரு நாயின் மருத்துவப் பதிவு அல்ல. எடை, தூரம், வெப்பநிலை எல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக எடுத்துக்கொண்டவை. நடக்கும் விதம் மட்டும் மாறுவதில்லை.

நடந்தது

ஐந்து வயது ஆண் லேப்ரடார். எடை 34 கிலோ. இருக்கவேண்டியது 29, 30. வீடு திருவான்மியூரில். முந்தின இரவு 9 மணிக்கு 350 கிராம் உலர்தீவனம் சாப்பிட்டது. பத்து மணிக்குள் கிண்ணத்துத் தண்ணீரைக் காலி செய்தது. ராத்திரியில் வீட்டுக்குள் ஒன்றுக்குப் போய்விடும் என்று கிண்ணம் மறுபடி நிரப்பப்படவில்லை. தூக்கம் ஏசி அறையில்.

மே இரண்டாம் வாரம், காலை 5:50. வெப்பநிலை 29 டிகிரி, ஈரப்பதம் 85%. கலாக்ஷேத்ரா காலனி வழியாக எலியட்ஸ் கடற்கரை போய்த் திரும்ப 7 கி.மீ. என்பது திட்டம். ஓடுபவர் கையில் 500 மி.லி. பாட்டில் ஒன்று, இருவருக்கும் சேர்த்து. கிளம்புமுன் நாய்க்குத் தண்ணீர் காட்டவில்லை.

முதல் 3 கி.மீ. நாய்தான் முன்னால் இழுத்தது. 4-ஆவது கி.மீ.யில் நின்று உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். நாலைந்து தடவை நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாதிக்கு மேல் தரையில் போயிற்று. "தாகம் இல்லை போல" என்று ஓட்டம் தொடர்ந்தது. 5-ஆவது கி.மீ.யில் கயிறு பின்பக்கம் இழுபட ஆரம்பித்தது. நாக்கு வாயின் ஓரமாகத் தொங்கி, நுனி கரண்டி மாதிரி அகன்று தட்டையாகிவிட்டது. ஐந்தரை கி.மீ.யில் ஒரு மதில் நிழலைப் பார்த்ததும் சிமென்ட் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துவிட்டது. கூப்பிட்டால் கண் மட்டும் அசைந்தது.

ஆட்டோவில் வீடு வந்ததும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தது. ஐந்து நிமிடத்தில் அத்தனையும் நுரையோடு வாந்தி. அப்போது ஆசனவாயில் வைத்துப் பார்த்த வெப்பமானி 40.3 டிகிரி காட்டியது. ஓட்டம் நின்று இருபது நிமிடம் ஆகியிருந்ததால் உச்சம் அதற்கு மேல் இருந்திருக்கும். நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 வரை.

எவ்வளவு தண்ணீர் போயிற்று?

வளர்த்தவர் சொன்னது: "தண்ணீர் குறைந்துபோய் மயங்கிவிட்டது." இதைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

நாய் தன் உடம்பின் ஒவ்வொரு கிலோவையும் 1 கி.மீ. கொண்டுபோக ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகிறது. 34 கிலோ, 5.5 கி.மீ. என்றால் 187. இதில் ஓட்டமாக மாறுவது ஐந்தில் ஒரு பங்குதான். மீதி 150 கிலோகலோரியும் சூடு. 1 கிராம் தண்ணீர் ஆவியாகும்போது 0.58 கிலோகலோரியை எடுத்துக்கொண்டு போகும். ஆக, அத்தனை சூட்டையும் ஆவியாகவே வெளியேற்றினாலும் செலவு 260 மி.லி.தான்.

அத்தனையும் வெளியேறவும் இல்லை. 34 கிலோ உடம்பை 1 டிகிரி ஏற்ற ஏறத்தாழ 28 கிலோகலோரி பிடிக்கும். 38.6-இல் கிளம்பி 40.6 வரை போனதாக வைத்துக்கொண்டால் 56 கிலோகலோரி உள்ளேயே தேங்கிவிட்டது. வெளியே போன 94-க்கு ஆன தண்ணீர் 160 மி.லி. வாயோரம் ஒழுகிய எச்சிலுக்கு இன்னொரு 100 மி.லி. தாராளமாகக் கொடுக்கலாம். மொத்தம் கால் லிட்டர் சொச்சம். உடல் எடையில் 1 சதவீதம்கூட இல்லை.

கால் லிட்டர் இழந்ததற்காக எந்த நாயும் மதிலோரம் படுத்துவிடாது. படுக்கவைத்தது உள்ளே தேங்கிய அந்த 56 கிலோகலோரி. நாயோடு ஓடுகிறவர்கள் நீர்ச்சத்து, உடல்சூடு என்ற இரண்டு கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதிவிடுகிறார்கள். வயிற்றுக்குள் போகும் தண்ணீர் முதல் கணக்குக்கு. அது சூட்டை இறக்குவது சொற்பம். 25 டிகிரித் தண்ணீர் 200 மி.லி. உள்ளே போனால் அது 40 டிகிரிக்கு ஏற எடுத்துக்கொள்வது 3 கிலோகலோரி. அதே 200 மி.லி. தோலில் பட்டு ஆவியாகிப் போனால் 116.

காலைக் காற்று செய்த துரோகம்

நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பேருக்குப் பாதத்தில் மட்டும் இருக்கின்றன. சூடு போவது இரைப்பில்தான்: நிமிடத்துக்கு 300 தடவை வரை சிறு சிறு மூச்சாகக் காற்றை நாக்கு, மூக்கு உட்பரப்பு மேல் ஓட்டி ஈரத்தை ஆவியாக்குகிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் அதில் ஏற்ற இடம் இல்லை. 29 டிகிரி, 85% ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்று கிட்டத்தட்ட 24 கிராம் நீராவியைச் சுமந்துகொண்டே நாயின் வாய்க்குள் போகிறது. 38 டிகிரியில் நிறைந்து வெளியே வந்தாலும் 46 கிராம்தான். எனவே மேற்கொண்டு ஏற்ற முடிவது 22 கிராம். கோவையில் டிசம்பர் மாதம் 20 டிகிரி, 70% ஈரப்பதத்தில் அதே காற்று 34 கிராம் எடுத்துக்கொண்டு போகும்.

"வெயிலுக்கு முன்னால் ஓடிவிடலாம்" என்ற கணக்கு மனிதருக்கே அரைகுறை. நாய்க்கு இன்னும் மோசம். கடலோர ஊரில் விடியற்காலைதான் ஒப்பு ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும் நேரம். அதற்காகச் சாயங்காலம் ஐந்தரைக்கு ஓடுங்கள் என்று சொல்லவரவில்லை. அப்போது தார்ச்சாலை பாதத்தைச் சுடும். புறங்கையைத் தரையில் 7 நொடி வைக்க முடியாவிட்டால் அந்த ரோடு நாய்க்கு ஆகாது. கத்திரி நாட்களில் காலை 5 மணி, இரவு 9 மணி என்ற இரண்டு வாய்ப்பிலும் தூரத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

ஏசி அறையும் இதில் சேர்த்தி. வெப்பத்துக்கு உடம்பு பழக இரண்டு வாரமாவது தினமும் அந்தச் சூட்டில் இருக்கவேண்டும். 24 டிகிரியில் தூங்கிப் பகலும் அங்கேயே கிடக்கும் நாய்க்கு மே மாதக் காலை என்பது வேற்றூர்.

தட்டுப்பாடு தொடங்கியது முந்தின ராத்திரி

ஓட்டத்தில் போனது கால் லிட்டர்தான் என்றால், மருத்துவர் விரல் வைத்துப் பார்த்தபோது ஈறு ஏன் காய்ந்துபோய் ஒட்டியது? ஏனென்றால் பாட்டிலைத் திறக்கும் முன்பே தட்டுப்பாடு இருந்தது. நாய்க்கு ஒரு நாளுக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி. தண்ணீர் வேண்டும். இந்த நாய்க்கு 1.7 முதல் 2 லிட்டர். உலர்தீவனத்தில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இராது. 350 கிராமில் கிடைத்தது 35 மி.லி. வீட்டில் வேகவைத்த சோறும் கோழியுமாக ஒரு கிலோ போட்டிருந்தால் அதிலேயே 700 மி.லி. வந்திருக்கும். உலர்தீவனத்துக்கு மாறிய பல வீடுகளில் தண்ணீர்க் கிண்ணத்தின் அளவு மட்டும் பழையதாகவே இருக்கிறது.

குறைந்த ரத்த அளவோடு ஓடும்போது தசைக்கும் நாக்குக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் போதாது. எச்சில் கெட்டியாகிறது, ஆவியாக்க ஈரம் குறைகிறது. இப்படித்தான் முதல் கணக்கின் ஓட்டை இரண்டாவதைப் பாதிக்கிறது.

தண்ணீரை ஏன் மறுத்தது?

இந்த நிகழ்வில் திரும்பிப் பார்க்கவேண்டிய இடம் 4-ஆவது கி.மீ. நாய் தண்ணீர் குடிக்கும்போது நாக்கைப் பின்பக்கமாக மடித்து நீர்ப்பரப்பில் அடித்து, சடாரென்று மேலே இழுக்கும். நாக்கோடு ஒரு தண்ணீர்த் தூண் எழும். அது விழுமுன் வாயை மூடிப் பிடித்துக்கொள்ளும். இதற்குக் கொஞ்சம் ஆழம் வேண்டும். உள்ளங்கையில் அந்த ஆழம் இல்லை.

அதைவிடப் பெரிய காரணம்: இரைக்கவும் குடிக்கவும் ஒரே நாக்கு. சூடு ஏறிய நாய் இரைப்பதை நிறுத்திவிட்டுக் குடிக்காது. நின்ற அடுத்த நொடி தண்ணீர் காட்டினால் பெரும்பாலும் முகத்தைத் திருப்பும். நிழலில் ஒன்று, இரண்டு நிமிடம் நிறுத்தி, மூச்சு கொஞ்சம் தணிந்து, வாய் ஒரு கணம் மூடித் திறக்கும்போது கிண்ணத்தைத் தரையில் வைத்தால் அதே நாய் குடிக்கும். மூன்று நிமிடம் கழித்தும் வாய் மூடவேயில்லை, தண்ணீரும் வேண்டாம் என்றால் அதைத் தாகமின்மை என்று எடுக்கக்கூடாது. ஓட்டம் அத்தோடு முடிந்தது, இனி நடைதான்.

மருத்துவர் பார்த்தது

ஈறில் விரல் வைத்தால் பிசுக்கென்று ஒட்டியது. ஈறை அழுத்தி விட்டதும் வெளுத்த இடம் சிவக்க 2 நொடி. அதற்கு மேல் போனால் கவலை. தோளுக்கு மேல் தோலைப் பிடித்து இழுத்து விட்டால் உடனே படிந்தது. இது பலரை ஏமாற்றும் சோதனை. நீரிழப்பு உடல் எடையில் 5 சதவீதத்தைத் தொடும்வரை தோலில் ஒன்றும் தெரியாது. கொழுத்த நாயில் அதற்கு மேலும் மறைக்கும், கிழட்டு நாயில் இல்லாததை இருப்பதாகக் காட்டும். ஓட்டத்தின் நடுவில் ஈறுதான் நம்பகமானது.

லேப்ரடார் என்பதால் இன்னொரு சந்தேகத்தையும் விலக்கவேண்டியிருந்தது. இந்த இனத்தில் மரபணுக் கோளாறால் கடும் ஓட்டத்துக்குப் பிறகு பின்னங்கால் துவண்டு விழும் நோய் ஒன்று உண்டு. அது 5 முதல் 20 நிமிட வேகமான விளையாட்டிலேயே தலைகாட்டும், பின்னங்கால் ஊஞ்சலாடும். இங்கே நான்கு காலும் ஒன்றாகத்தான் சோர்ந்தன. வாந்திக்கும் விளக்கம் எளிது: சூட்டில் குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கும் நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரும் அதோடு விழுங்கிய காற்றும் வயிற்றை உப்பவைத்தன. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இப்படிக் குடிப்பதும், வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடுவதும் இரைப்பை உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்தோடு சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. இதே நாய் வாந்தி எடுக்க முடியாமல் ஓங்கரித்து, வயிறு முரசு மாதிரி ஆகியிருந்தால் அது நேரே அறுவைச் சிகிச்சை.

மாற்றி அமைத்த முறை

இரவுத் தீவனம் 7 மணிக்கு, அதன் எடைக்குச் சமமான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து. 350 கிராமுக்கு 350 மி.லி. கிண்ணம் இரவு முழுக்க நிறைந்திருக்கும். அதற்காக 10:30-க்கு ஒருமுறை வெளியே கூட்டிப்போகவேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன் 200 மி.லி. வெறும் தண்ணீரைக் காலையில் சீண்டாத நாய்க்கு, எலும்பில்லாத கோழியை உப்பில்லாமல் வேகவைத்த நீரில் இரண்டு ஸ்பூன் கலந்தால் கிண்ணத்தை நக்கித் துடைத்துவிடும். 1973-இலிருந்து அலாஸ்காவில் நடக்கும் இடிடராட் பனிவண்டிப் போட்டியில் ஓட்டுநர்கள் செய்வதும் இதுதான்: வெதுவெதுப்பான நீரில் இறைச்சித் துண்டுகளை மிதக்கவிட்டு, அதைத் தேடும் சாக்கில் நாய்களைக் குடிக்கவைப்பார்கள். நம் சமையலறையில் ஒரே எச்சரிக்கை, வெங்காயம், பூண்டு பட்ட குழம்புத் தண்ணீர் கூடாது. அவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சின்ன வெங்காயம் போட்ட நீராகாரமும் மோரும் இதே காரணத்தால் வேண்டாம்.

வழியில் 2 கி.மீ.க்கு ஒரு நிறுத்தம், அல்லது 12 நிமிடம், எது முந்துகிறதோ அது. நிழல், இரண்டு நிமிடக் காத்திருப்பு, பிறகு மடக்குக் கிண்ணத்தில் 100 மி.லி. கிலோவுக்கு 3 மி.லி. என்று மற்ற நாய்களுக்கும் தொடங்கலாம். நக்கி முடித்ததும் இன்னும் கேட்டால் ஒரு நிமிடம் விட்டு 50 மி.லி. இதோடு ஒவ்வொரு நிறுத்தத்திலும் 150 மி.லி. உடம்புக்கு: அடிவயிறு, தொடை இடுக்கு, முன்னங்கால் அக்குள், பாதம். முதுகில் ஊற்றினால் லேப்ரடாரின் எண்ணெய்ப் பசை மேல்முடி தண்ணீரை உருட்டித் தள்ளிவிடும்; விரலை விட்டு அலைத்துத் தோல்வரை நனைக்கவேண்டும். ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு ஓடவைப்பது உதவாது. சிறிது நேரத்தில் துணி உடம்புச் சூட்டுக்கு வந்து கம்பளியாகிவிடும்.

இந்தக் கணக்கில் 4 கி.மீ. ஓட்டத்தில் இரண்டு நிறுத்தம் என்றால் வழியில் நாய்க்கு மட்டும் 500 முதல் 600 மி.லி. தேவை. அதையும் தன் தண்ணீரையும் சேர்த்துக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது கஷ்டம். போய்த்திரும்பும் பாதையை விட்டுவிட்டு 1.5 அல்லது 2 கி.மீ. வட்டமாக, வாசலையோ ஒரு டீக்கடையையோ திரும்பத் திரும்பத் தொடும் பாதை எடுப்பதுதான் மிகச் சிறந்த நீர்ச் சாதனம். நாய் வேண்டாமென்றால் அங்கேயே விட்டுவிட்டும் போகலாம். இடுப்புப் பட்டையில் ஒரு 500 மி.லி. பாட்டில் போதும்.

கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சில் ஆங்கில ஒய் வடிவில் வரும் சேணம். இழுக்கும் நாயின் கழுத்துப்பட்டை மூச்சுக்குழாயை அழுத்தி இரைப்பதைக் கெடுக்கும். வாய்க்கட்டு அவசியமென்றால் கூடை வகை மட்டும். துணிப்பட்டை வாயை மூடிவிடும், வாய் மூடினால் குளிர்ச்சி இல்லை.

முடிந்ததும் 10 நிமிடம் நடை. பிறகு 150 மி.லி., பத்து நிமிடம் விட்டு மறுபடி 150, மூச்சு இயல்பானதும் கிண்ணம் திறந்தே இருக்கலாம். சாப்பாடு ஒரு மணி நேரம் கழித்து. எவ்வளவு இழக்கிறது என்று தெரிந்துகொள்ள மாதம் ஒருமுறை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 100 கிராம் குறைந்தால் 100 மி.லி. நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறை எடைக்கருவியில் நின்று, தன் எடையைக் கழிப்பது சிறிய நாய்க்குச் சரி. 34 கிலோவுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

மனிதருக்கான உப்புச்சத்துப் பானம் தேவையில்லை. நாய் வியர்வையில் உப்பைக் கொட்டுவதில்லை; இரைப்பில் போவது வெறும் தண்ணீர். சர்க்கரை இல்லாதது என்று அச்சிட்ட பொடிகளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கக்கூடும், அது நாய்க்கு நஞ்சு: ரத்தச் சர்க்கரையைச் சரித்து ஈரலைத் தாக்கும். இளநீர் இரண்டு வாய் கேடில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது. ஐஸ் தண்ணீர் கொன்றுவிடும் என்பது கட்டுக்கதை. ஆபத்து வேகத்திலும் அளவிலும்தான். கடற்கரையில் ஓடுபவர்கள் கவனிக்கவேண்டியது வேறு. கடல்நீர் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. தாகத்தோடு அலையில் வாய் வைக்கும் நாய்க்கு வாந்தி, பேதி, பிறகு ரத்தத்தில் உப்பு ஏற்றம். மழைக்காலக் குட்டைத் தண்ணீரில் எலிச் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக்காய்ச்சல். இரண்டுக்கும் மருந்து, பாட்டிலில் நல்ல தண்ணீர் இருப்பதுதான்.

மறுபடி படுத்துவிட்டால்

பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2020-இல் வெளியான ஆய்வில், வெப்ப நோய்க்கு ஆளான நாய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உடற்பயிற்சியால் வந்தவை. பூட்டிய கார் அதற்கு வெகு கீழே. எனவே ஓடுபவருக்கு இந்த வரிசை மனப்பாடமாக இருக்கவேண்டும்: முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டி. நமது நிகழ்வில் ஆட்டோவுக்குக் காத்திருந்த பத்து நிமிடமும் பாட்டிலில் கால் லிட்டர் மிச்சம் இருந்தது. பக்கத்தில் தெருக்குழாயோ, கட்டட வேலைத் தொட்டியோ எதுவானாலும் உடம்பை விடக் குளிர்ந்த தண்ணீர் போதும்; நனைத்து, விசிறி, மறுபடி நனைக்கவேண்டும். நல்ல உணர்வோடு நிற்கிற நாய் பக்கெட்டுக்குள் தானாகத் தலையை முக்கும்படி முன்பே பழக்கியிருந்தால் இன்னும் நல்லது. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பணிநாய் மையத்தின் ஆய்வில், ஓட்டத்துக்குப் பின் தலையை முக்கியெடுத்த நாய்களின் சூடு, கழுத்தில் ஐஸ் கட்டியோ ஈரத்துண்டோ வைத்த நாய்களைவிடச் சீக்கிரம் கட்டுக்குள் வந்தது. தண்ணீருக்குள் போட்ட ஒரு பிஸ்கட்டை எடுக்கவைத்தே இதைப் பழக்கலாம்.

தள்ளாடுகிற, கூப்பிட்டால் திரும்பாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போகும். 39.4 வந்ததும் நனைப்பதை நிறுத்திவிடலாம், அதற்குப் பிறகும் நனைத்தால் சூடு தேவைக்கு அதிகமாக இறங்கிவிடும். ஈறு செங்கல் நிறமானாலோ வெளுத்தாலோ, ரத்தப் பேதி, வலிப்பு கண்டாலோ நனைத்துக்கொண்டே மருத்துவமனை.

பக், புல்டாக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த அளவுகள் எதுவும் பொருந்தாது. அவற்றின் மூக்கில் காற்று ஓட இடமே இல்லை. அவற்றோடு ஓடவேண்டாம், நடந்தால் போதும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி வேட்டைநாய்களுக்கு மெல்லிய முடியும் நீண்ட மூக்கும் சாதகம். ஆனால் அவை கொஞ்ச தூரம் பறந்து நிற்கப் பிறந்தவை. பாய்ச்சலில் சூடு சட்டென்று ஏறும். தூரத்தை அதற்கேற்ப வைக்கவேண்டும்.

இந்த லேப்ரடாருக்கு முதல் மூன்று நாள் சிறுநீரின் நிறம் பார்க்கச் சொல்லப்பட்டது. சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் அன்றே காட்டாமல் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துக் கெடக்கூடும். காபி நிறத்தில் போனால் தசை சிதைந்து வருகிறது என்று பொருள், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. பத்து நாள் நடை மட்டும். பிறகு 1.5 கி.மீ. வட்டம் ஒன்று, வாரத்துக்கு ஒரு வட்டம் கூட்டி. 31 கிலோவுக்கு இறங்கும்வரை 4 கி.மீ.க்கு மேல் கிடையாது. ஏசி 27-இல்.